காலுக்கு இறங்கும் வலிக்கு முதுகில் ஊசி: போகும் முன்பும் போட்ட பின்பும்

வலி முதுகில் கூடுதலா, காலில் கூடுதலா?

இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிற யாரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான். புட்டத்தில் கிளம்பி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலைத் தாண்டிப் பாதம் வரைக்கும், பெரும்பாலும் ஒரே காலில், கரண்ட் அடிக்கிற மாதிரி சுரீரென்று போகிறதா? இருமினால், தும்மினால் கூடுகிறதா? கட்டைவிரலோ சுண்டுவிரலோ மரத்துப்போகிறதா? அப்படியானால் மேலே படியுங்கள். வலி இடுப்போடு நின்றுவிடுகிறது, காலுக்கு வருவதே இல்லை என்றால் இந்த ஊசியால் பெரிய பலன் இருக்காது. பணச்செலவும் மதுரைக்குப் போய்வந்த அலைச்சலும்தான் மிஞ்சும். இது முதுகில் போடுகிற ஊசியே தவிர, முதுகுவலிக்கான ஊசி இல்லை. கால்வலிக்கான ஊசி.

நான் மதுரையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். இப்போது காரைக்குடி வாசம். எம்.ஆர்.ஐ. கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யாராவது எங்கள் தெருவுக்குள் நுழைந்தால், "சிஸ்டர் வீடு அந்தா, மூணாவது" என்று டீக்கடையிலேயே கை காட்டிவிடுவார்கள். டாக்டர் சொல்ல வேண்டியதை நான் சொல்வதில்லை. டாக்டரிடம் என்ன கேட்கணும், வீட்டில் என்ன ஏற்பாடு செய்துவைக்கணும், மேஜையில் குப்புறப் படுத்தபிறகு என்ன நடக்கும், இதைத்தான் சொல்வேன்.

எந்த ஊசியைச் சொல்கிறோம்

நம் பக்கத்தில் "இடுப்புக்கு ஊசி போட்டுக்கிட்டேன்" என்றால் அது மூன்றில் ஏதோ ஒன்றாக இருக்கும். புட்டத்தில் போடுகிற டைக்ளோஃபெனாக் ஒன்று. சில மணி நேரத்துக்கு வலியை அமுக்கும், அவ்வளவுதான். சிவப்பாக இருக்கிற பி12 இன்னொன்று. அது வைட்டமின், அந்தச் சத்து குறைந்தவர்களுக்குத்தான் உதவும். மூன்றாவதுதான் நாம் பேசுவது. முதுகெலும்புக்குள், நரம்புகளை மூடியிருக்கிற உறைக்கு வெளியே கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. எபிடியூரல் என்று சொல்கிற அந்த இடத்துக்கு ஸ்டீராய்டு மருந்தை ஊசி வழியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

சிசேரியனுக்கும் முதுகில்தானே ஊசி போட்டார்கள், அதனால்தான் இடுப்பே போச்சு என்று சொல்லி மிரள்கிற பெண்கள் நிறைய. அது மரத்துப்போவதற்கான மருந்து, வேலையும் வேறு. அந்த ஊசியால் வருஷக்கணக்கில் முதுகுவலி நிற்கும் என்று ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. அந்தப் பயத்தை மட்டும் காரணமாக வைத்து இதை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜவ்வு விலகிடுச்சு என்கிறோமே, அது உண்மையில் விலகுவதில்லை. எண்ணெய்ச் சட்டியில் சீயம் வெடித்தால் மேல்மாவு கீறிப் பூரணம் வெளியே பிதுங்கும், அந்தக் கதைதான். எலும்புக்கு நடுவே இருக்கிற டிஸ்க்கின் வெளிவளையம் கீறி, உள்ளே இருக்கிற கொழகொழப்பு பிதுங்கிப் பக்கத்தில் போகிற நரம்பின் வேரைத் தொடுகிறது. பெரும்பாலும் இடுப்பின் அடிப்பகுதியில், எல்-4, எல்-5 என்கிற எலும்புகளுக்கு நடுவிலோ எல்-5, எஸ்-1 நடுவிலோ. தொட்டு அழுத்துவதோடு நிற்காமல் அந்தப் பொருள் நரம்பை ரசாயன ரீதியாகவும் உறுத்தி வீங்க வைக்கிறது. ஸ்டீராய்டு அந்த வீக்கத்தைத்தான் தணிக்கிறது. பிதுங்கியதை உள்ளே தள்ளாது, கீறலை ஒட்டாது. பிதுங்கியது பெரும்பாலும் நாளடைவில் தானாகவே சுருங்கும், உடம்பே அதைக் கரைத்துக்கொள்ளும். பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் வலி நன்றாகக் குறைந்துவிடுவது இதனால்தான். அதுவரைக்கும் தூங்கவும், உட்காரவும், நாலு அடி நடக்கவும் முடிகிற மாதிரி வைத்துக்கொள்ள ஊசி ஒரு வழி.

நேற்று முளைத்த வைத்தியமும் இல்லை. பாரிஸில் 1901-லேயே வால் எலும்புப் பக்கமாக எபிடியூரல் இடத்துக்குள் கொக்கெய்ன் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதுதான் காரணம் என்று மிக்ஸ்டர், பார் என்கிற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் 1934-ல் எழுதினார்கள். ஸ்டீராய்டு வந்தது 1952 வாக்கில். இத்தனை காலம் ஆகியும் பலன் எவ்வளவு என்பதில் டாக்டர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் உண்டு. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கிற காக்ரேன் அமைப்பு 2020-ல் வெளியிட்ட தொகுப்பாய்வின் முடிவைச் சுருக்கினால், கால்வலி கொஞ்சம் குறையும், அதுவும் குறுகிய காலத்துக்கு. தியேட்டரில் நான் பார்த்ததில் அன்று மாலையே சிரித்துக்கொண்டு போனவர்களும் உண்டு, ஒன்றுமே தெரியவில்லை என்று மறுவாரம் வந்தவர்களும் உண்டு. சராசரி என்பது அந்த இரண்டு பேரையும் கூட்டி வகுத்தது.

வயதானவர்களுக்கு இன்னொரு விஷயம். கொப்புடையம்மன் கோயிலுக்கு நடக்கும்போது பாதி வழியில் இரண்டு காலும் கனத்து, எங்காவது திண்ணையில் உட்கார்ந்தால் சரியாகி, மறுபடி எழுந்து நடந்தால் மறுபடி கனத்தால், அது அநேகமாக எலும்புக் கால்வாயே சுருங்கிப்போன நோய். அதற்கு இந்த ஊசி சரிவராது. 2014-ல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட 400 பேரை வைத்து நடத்திய ஆய்வில், மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டு சேர்த்துப் போட்டவர்களுக்கும் மரப்பு மருந்து மட்டும் போட்டவர்களுக்கும் ஆறு வாரம் கழித்துச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கிற நைஸ் அமைப்பு 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த வகைக்கு ஊசி போடாதீர்கள் என்றே சொல்கிறது. வலி புதிதாக வந்து, கடுமையாக இருக்கிற நரம்பு அழுத்தத்துக்குப் பரிசீலிக்கலாம் என்கிறது.

"பூசத்துக்கு நடக்கணும், அதுக்குள்ள போட்டுறலாமா?"

மார்கழி பிறந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிற நகரத்தார் குடும்பங்களில், தலைமுறையாகக் காவடியோடு நடக்கிறவர்களுக்குக் காலில் வலி வந்தால் மனசு கேட்காது. குன்றக்குடியில் கிளம்பிப் பழனி வரைக்கும் ரோடு. வெறுங்கால், இரவு நடை, கிடைத்த இடத்தில் படுக்கை.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: நடப்பதற்காக ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். ஊசியின் முழுப் பலன் தெரிய சில நாளில் இருந்து இரண்டு வாரம் வரை ஆகும். அதுவும் வலி மட்டும்தான் குறைந்திருக்கும், நரம்பு இன்னும் புண்ணாகத்தான் இருக்கும். வலி தெரியாமல் நாள் முழுக்க நடந்து, பாதம் மரத்திருப்பதும் தெரியாமல், சர்க்கரைக்காரராகவும் இருந்தால், கொப்புளம் வெடித்துப் புண்ணாகித் திரும்பி வருவீர்கள். ஒரு அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "அப்ப முருகனுக்கு யார் பதில் சொல்றது?" என்றார். பக்கத்தில் இருந்த அவர் வீட்டு ஆச்சி, "நான் சொல்லிக்கிறேன், நீங்க சும்மா இருங்க" என்று முடித்துவிட்டார். அந்த வருஷம் அவர் கார்தான்.

எப்போது போடலாம், யாரிடம்

வலி வந்த மறுநாளே ஓட வேண்டாம். மாத்திரை, கொஞ்சம் ஓய்வு, முடிந்த அளவு நடமாட்டம் என்று சில வாரம் பார்த்தும் ராத்திரித் தூக்கம் போகிறது, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் கேளுங்கள். எம்.ஆர்.ஐ. தேவைப்படும். படத்தில் பிதுக்கம் இடது பக்கம், உங்கள் வலி வலது காலில் என்றால் அந்தப் பிதுக்கம் உங்கள் வலிக்குக் காரணம் இல்லை. ஐம்பது வயதுக்கு மேல் படம் எடுத்தால், வலி இல்லாதவர்களிலும் பலருக்கு ஏதாவது ஒரு பிதுக்கம் தெரியும். ரிப்போர்ட்டில் இருக்கிற வார்த்தைகளைப் பார்த்து மிரளாதீர்கள். வலி போகிற பாதையும் படமும் ஒத்துப்போக வேண்டும், அதுதான் முக்கியம்.

இதைப் போடுகிறவர் வலி சிகிச்சை நிபுணராக இருக்கலாம், அவர்களில் பலர் மயக்கவியல் டாக்டர்கள். முதுகெலும்பு சர்ஜனாகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "சி-ஆர்ம் வச்சுத்தானே போடுவீங்க?" சி-ஆர்ம் என்பது வளைந்த கை மாதிரி இருக்கிற எக்ஸ்ரே கருவி. ஊசிமுனை எங்கே இருக்கிறது என்பதை டாக்டர் திரையில் பார்த்துக்கொண்டே போவார். விரலால் தடவிப் பார்த்து உத்தேசமாகப் போட்டால் மருந்து வேறு இடத்துக்குப் போய்விடுவதற்கு நிறைய வாய்ப்பு இருக்கிறது.

அடுத்தது, எந்த வழியாக என்று கேளுங்கள். மூன்று வழிகள். பின்பக்கம் நடுவில், இரண்டு எலும்புக்கு இடையே. பக்கவாட்டில், நரம்பு வெளியே வருகிற துவாரம் வழியாக. இது குறிப்பிட்ட ஒரு வேருக்குப் பக்கத்திலேயே மருந்தை வைக்கும். கீழே, வால் எலும்புக்கு மேலே இருக்கிற துவாரம் வழியாக. முன்பே ஆபரேஷன் ஆனவர்களுக்கு இது வசதி. உங்களுக்கு எது, ஏன் என்று ஒரு நிமிஷம் விளக்கச் சொல்லுங்கள்.

மருந்தின் பெயரையும் கேளுங்கள். டிரையம்சினோலோன், மெத்தில்பிரெட்னிசலோன் இரண்டும் நுண்துகள்கள் மிதக்கிற மருந்துகள், பால் மாதிரி வெளுப்பாக இருக்கும். டெக்ஸாமெத்தசோன் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். பக்கவாட்டு வழியில் ரத்தக்குழாய் பக்கத்திலேயே இருப்பதால், துகள் தப்பித்தவறி அதற்குள் போனால் அடைப்பு வரலாம். அதனால் அந்த வழிக்குப் பல டாக்டர்கள் டெக்ஸாமெத்தசோனைத்தான் முதலில் எடுப்பார்கள். முதுகெலும்பில் போடுகிற ஸ்டீராய்டு ஊசியால் மிக அரிதாகப் பார்வை இழப்பு, பக்கவாதம், கால் செயலிழப்பு, மரணம்கூட நேர்ந்திருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014-ல் எச்சரித்தது. இதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம், கழுத்தில் போடுகிறபோதுதான் ஆபத்து கூடுதல். ஆனால் கையெழுத்துப் போடுகிற காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்து போடுங்கள்.

இன்னொன்று, "மூணு ஊசி பேக்கேஜ், முன்பணம் கட்டினால் தள்ளுபடி" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எங்கள் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவரிடம் ஒரு இடத்தில் இப்படித்தான் மூன்றுக்கும் சேர்த்துப் பணம் வாங்கிக்கொண்டார்கள். முதல் ஊசியில் துளி பலன் இல்லை, கட்டியாச்சே என்று மீதி இரண்டையும் போட்டுக்கொண்டார். முதல் ஊசியில் நல்ல பலன் தெரிந்து, பிறகு வலி திரும்பினால்தான் இரண்டாவதைப் பற்றிப் பேச்சே.

சர்க்கரை, ரத்தம் இளக்கும் மாத்திரை

நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். நம் ஊரில் ஊசியால் வருகிற தொந்தரவில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கும்.

முதுகில் போட்டாலும் ஸ்டீராய்டு ரத்தத்தில் கலக்கும். சர்க்கரைக்காரர்களுக்கு ஊசி போட்ட அன்றோ மறுநாளோ சர்க்கரை ஏறத் தொடங்கி, பல நாள், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஏற்றத்திலேயே நிற்கும். வழக்கமாக 160 இருக்கிறவருக்கு 300-ஐத் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் முன்கூட்டியே ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை, பாருங்கள். 8-க்கு மேலே என்றால் பல டாக்டர்கள் தேதியைத் தள்ளிப்போடுவார்கள், கோபிக்காதீர்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்க வேண்டும், ஸ்டிரிப் தேதி முடியாததாக இருக்க வேண்டும். ஊசிக்குப் பிறகு ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் பார்த்து எழுதிவையுங்கள். எவ்வளவுக்கு மேல் போனால் யாருக்குப் போன் செய்வது, இன்சுலினை எவ்வளவு கூட்டுவது என்பதைச் சர்க்கரை டாக்டரிடம் முன்னாலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். நீங்களாக மாத்திரையைக் கூட்டாதீர்கள்.

தேதியை விசேஷத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். செட்டிநாட்டுக் கல்யாண வீட்டில் பால் பணியாரமும் கந்தரப்பமும் அதிரசமும் இலைக்கு வரும்போது வேண்டாம் என்று சொல்ல யாராலும் முடியாது. "கவுனி அரிசி சர்க்கரைக்கு நல்லதுன்னு சொல்றாகளே ஆத்தா" என்று ஒரு பெரியாச்சி கேட்டார்கள். "அரிசி நல்லதுதான் ஆச்சி, அதுல நீங்க கொட்டுற சீனிய என்ன செய்யிறது?" என்றேன். தேங்காய்த் துருவல் போட்டால் சரியாயிடும் என்றார்கள்.

ரத்தம் இளக்குகிற மாத்திரை விஷயத்தில் சிரிப்புக்கு இடமில்லை. எகோஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின், அசிட்ரோம், அபிக்ஸபான், ரிவராக்ஸபான் என்று எது சாப்பிட்டாலும், அட்டையோடு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். எபிடியூரல் இடத்தில் ரத்தம் கசிந்து கட்டினால் நரம்பை நசுக்கிக் கால் விழுந்துவிடும் அபாயம் உண்டு. அதற்காகக் குளோபிடோக்ரலை ஏழு நாள், வார்ஃபரினை ஐந்து நாள் முன்னால் நிறுத்தச் சொல்வது வழக்கம், வார்ஃபரினுக்கு, ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று காட்டுகிற ஐ.என்.ஆர். பரிசோதனையும் பார்ப்பார்கள். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பு வரலாம். நிறுத்தலாமா, எத்தனை நாள், எப்போது திரும்பத் தொடங்குவது, மூன்றையும் இதய டாக்டர் எழுதித் தர வேண்டும். ஊசி போடுகிற டாக்டரும் அதைப் பார்க்க வேண்டும். இரண்டு டாக்டருக்கும் நடுவில் வாய்வழித் தூது போகாதீர்கள், காகிதம் போகட்டும்.

பல்லில் சீழ், மூத்திரக் கடுப்பு, காலில் ஆறாத புண், காய்ச்சல், ஊசி போடுகிற இடத்தில் கொப்புளம், இதில் எது இருந்தாலும் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். ஸ்டீராய்டு கிருமியை எதிர்க்கிற சக்தியைக் குறைக்கும். சி.டி. ஸ்கேன் சாய மருந்து ஒத்துக்கொள்ளாமல் போன அனுபவம் இருந்தால் சொல்லுங்கள். கர்ப்பம் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் சொல்லுங்கள், எக்ஸ்ரே இருக்கிறதே.

அன்றைக்கு

தூக்க மருந்து கொடுத்துப் போடுவதென்றால் வெறும் வயிறு, எத்தனை மணி நேரம் என்று அவர்களே சொல்வார்கள். மரப்பு ஊசி மட்டும் என்றால் லேசாகச் சாப்பிட்டு வரச் சொல்வார்கள். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்து வரவேற்பறையிலேயே மயங்கியவர்கள் உண்டு, கேட்டு வையுங்கள். முதுகில் எண்ணெய், தைலம், வலிப்பட்டை எதுவும் வேண்டாம். வெள்ளி அரைஞாண்கொடி சரியாக எல்-5 மட்டத்தில்தான் கிடக்கும், திரையில் குறுக்கே ஒரு கறுப்புச் சங்கிலி தெரியும். வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். தியேட்டரில் கழற்றினால் நாங்கள் பத்திரமாக ஒப்படைக்கிற வரைக்கும் உங்கள் கவனம் அதிலேயே இருக்கும். கூட ஒருவர் கட்டாயம் வர வேண்டும். அன்றைக்கு நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது.

உள்ளே ஏ.சி. குளிராக இருக்கும். குப்புறப் படுக்கச் சொல்லி, வயிற்றுக்கு அடியில் ஒரு தலையணை வைப்போம். முதுகு கொஞ்சம் வளைந்து எலும்பு இடைவெளி திறந்துகொள்ள அது. பிபி பட்டை, விரலில் ஆக்ஸிஜன் கிளிப். முதுகில் கிருமிநாசினி தேய்க்கும்போது சில்லென்று இருக்கும், எல்லோரும் ஒரு தடவை உதறுவார்கள். அடுத்து மரப்பு ஊசி, எறும்பு கடிக்கிறதுக்கு மேலே எரியும், சில விநாடி. அதற்குப் பிறகு அமுக்கம்தான் தெரியும். சி-ஆர்ம் தலைக்கு மேலே நகரும், "மூச்சை சாதாரணமா விடுங்க" என்பார் டாக்டர். ஊசி இடத்துக்கு வந்ததும் துளி சாய மருந்தை விடுவார். நரம்பு வேரைச் சுற்றி அது கறுப்பு நூல் மாதிரி சாய்வாகக் கீழே ஓடும். திரையில் அந்தக் கோட்டைப் பார்க்கிறபோது எங்கள் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. அது ரத்தக்குழாய்க்குள் போயிருந்தால் விட்டவுடன் காணாமல் போய்விடும், அப்போது ஊசியை நகர்த்துவார்.

மருந்து போகும்போது உங்கள் பழைய வலியே ஒரு தடவை காலில் ஓடலாம். "டாக்டர், அதே வலி!" என்று கத்துவார்கள். கத்துங்கள், ஆனால் அசையாதீர்கள். சரியான இடத்துக்கு வந்திருக்கிறோம் என்பதற்கு அதுவும் ஒரு குறி. தாங்க முடியாமல் சுரீரென்று குத்தினால் உடனே வாயைத் திறந்து சொல்லுங்கள், நிறுத்தி மெதுவாகப் போடுவார். அதனால்தான் ஆழ்ந்த மயக்கம் கொடுப்பதில்லை. நீங்கள் சொல்வதே எங்களுக்குப் பாதுகாப்பு. எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பிறகு அரை மணி, ஒரு மணி நேரம் கட்டிலில் படுக்கவைத்துப் பார்ப்பார்கள்.

முதல் தடவை எழுந்து நிற்கும்போது யாரையாவது பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டோடு கலந்து போடுகிற மரப்பு மருந்தால் அந்தக் கால் சில மணி நேரம் பஞ்சு மாதிரி இருக்கலாம், முட்டி மடங்கலாம்.

திரும்பும் வழியும் வீடும்

மதுரையில் இருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். பஸ் வேண்டாம். காரில் முன்சீட்டைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு, வழியில் ஒரு தடவை இறங்கி நாலு அடி நடந்து ஏறுங்கள். வேகத்தடையில் மெதுவாகப் போகச் சொல்லி டிரைவரிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்.

பழைய செட்டிநாட்டு வீடு இப்படிப்பட்ட நாளுக்குக் கட்டினது இல்லை. முகப்பில் இருந்து வளவுக்கு, அதாவது உள்முற்றத்துக்கு, போகவே இரண்டு நிலைப்படி தாண்ட வேண்டும், ஒவ்வொன்றும் முழங்கால் பாதி உயரம். கழிப்பறை கடைசிக் கட்டில். ஆத்தங்குடித் தரையில் தண்ணீர் சிந்தியிருந்தால் மரத்த காலுக்கு அது போதும். அதனால் முதல் ராத்திரிக்கு முகப்பிலேயோ பட்டாசாலையிலேயோ கட்டில் போட்டு, பக்கத்தில் கமோட் நாற்காலி வைத்துவிடுங்கள். மாடி ஏற வேண்டாம். ராத்திரி ஒரு லைட் எரியட்டும்.

முதல் இரண்டு மூன்று நாள் வலி கூடினால் "ஊசி கெட்டுப்போச்சு" என்று நினைக்காதீர்கள். மரப்பு மருந்து இறங்கியிருக்கும், ஸ்டீராய்டு இன்னும் வேலையைத் தொடங்கியிருக்காது. சிலருக்கு முகம் சிவந்து சூடாகும், தூக்கம் வராது, இரண்டும் ஓரிரு நாளில் போய்விடும். ஊசி போட்ட இடம் நொந்தால் துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். வெந்நீர் ஒத்தடமும் எண்ணெய்க் குளியலும் அன்றைக்கு வேண்டாம். மறுநாள் சாதாரணமாகக் குளிக்கலாம். ஊருணி, கண்மாய், கிணறு என்று முங்கிக் குளிப்பதைச் சில நாள் தள்ளிவையுங்கள்.

உட்கார்ந்தாலோ நின்றாலோ மண்டை பிளக்கிற மாதிரி வலித்து, படுத்தால் குறைந்தால், உறையில் சின்னத் துளை விழுந்து நீர் கசிகிறது என்று அர்த்தம். டாக்டருக்குப் போன் செய்யுங்கள், சரிசெய்யக்கூடியது. காய்ச்சல், குளிர் நடுக்கம், கழுத்து விறைப்பு, முதுகில் நாளுக்கு நாள் ஏறுகிற வலி, ஊசி இடத்தில் சீழ் என்றால் அன்றைக்கே போங்கள். மூத்திரம் வராமல் அடைத்தால், அல்லது தெரியாமல் போனால், மலம் கட்டுக்குள் நிற்காவிட்டால், தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்தால், பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு இழுபட்டால், ராத்திரி மணி என்ன என்று பார்க்காதீர்கள். நேரே பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சி. இந்த அறிகுறிகள் ஊசி போடாதவர்களுக்கும் பொருந்தும்.

வலி குறைந்த வாரங்களில்

பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வலி போனதும் பரணில் ஏறிப் பித்தளைப் பாத்திரத்தை இறக்குவது, பீரோவை நகர்த்துவது, தீபாவளிக்கு வீடு ஒட்டடை அடிப்பது. நரம்பு ஆறுவதற்குக் கிடைத்த வாரங்கள் இவை. வளவைச் சுற்றித் தூணுக்குத் தூண் நடங்கள், வெயிலும் இல்லை, குண்டு குழியும் இல்லை, களைத்தால் உட்காரப் பக்கத்திலேயே திண்ணை. காலையும் மாலையும், நாளுக்குக் கொஞ்சம் கூட்டி. பிசியோதெரபிஸ்டிடம் போய் வயிறு, இடுப்புத் தசைக்கான பயிற்சியைக் கற்றுக்கொள்ளுங்கள்; யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துச் செய்ய வேண்டாம். தரையில் சம்மணம் போட்டு அரிவாள்மனையில் காய் நறுக்குவதைக் கொஞ்ச நாள் மேஜைக்கு மாற்றுங்கள். கொட்டான் என்கிற ஓலைக்கூடை பின்னுகிற பெண்களுக்கும் இதையே சொல்கிறேன்: நாற்காலியில் உட்கார்ந்து மடியில் பலகை வைத்துப் பின்னலாம், அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருங்கள்.

ஒரு நோட்டுப் போடுங்கள். ஊசிக்கு முன், போட்ட ஒரு மணி நேரத்தில், அன்று இரவு, பிறகு தினமும் ஒரு தடவை. பூஜ்யத்தில் இருந்து பத்துக்குள் கால்வலிக்கு ஒரு எண், முதுகுவலிக்குத் தனியாக ஒரு எண். போட்ட சில மணி நேரத்துக்குக் கால்வலி சுத்தமாகப் போய்விட்டுத் திரும்பி வந்தது என்றால், வேர் சரியாகத்தான் பிடிபட்டிருக்கிறது, மருந்துதான் நிற்கவில்லை என்று டாக்டர் புரிந்துகொள்வார். அந்த முதல் மணி நேரத்திலேயே அசையவில்லை என்றால் வலி வேறு இடத்தில் இருந்து வரலாம். இடுப்பு மூட்டு, புட்டத் தசை என்று தேடுவார். நிறையப் பேர் "பரவால்ல டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். அதை வைத்து அவர் என்ன செய்ய முடியும்?

பலன் இருந்தால் சில வாரத்தில் இருந்து சில மாதம் வரை நிற்கும். திரும்பப் போடுவதென்றால் வருஷத்தில் மூன்று, மிஞ்சினால் நான்கு என்பது பொதுவான வரம்பு. அடிக்கடி போட்டால் எலும்பு மெலியும், மாதவிடாய் நின்ற பெண்கள் இதைக் குறிப்பாகக் கேட்க வேண்டும். முட்டிக்கும் தோளுக்கும் போட்ட ஸ்டீராய்டு ஊசிகளும் இந்தக் கணக்கில் சேரும், வேறு ஆஸ்பத்திரியில் போட்டிருந்தாலும் சொல்லுங்கள்.

ஊசி போட்டும் வலி நிற்கவில்லை, அல்லது கால் பலம் நாளுக்கு நாள் குறைகிறது என்றால் சர்ஜனைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். டிஸ்க் ஆபரேஷன் என்றாலே படுத்த படுக்கை என்ற பேச்சு பழையது. இப்போது பெரும்பாலானவர்களை மறுநாளே நடக்கவைத்துவிடுகிறார்கள். போகும்போது எம்.ஆர்.ஐ. படம், நோட்டு, டிஸ்சார்ஜ் காகிதம் மூன்றும் கையில் இருக்கட்டும். சாய மருந்து ஓடிய சி-ஆர்ம் படத்தின் பிரிண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காமல் தர மாட்டார்கள், கேட்டால் பெரும்பாலும் தந்துவிடுவார்கள்.